பந்தில் வைத்த வயலட் புள்ளி

ஜூலை 8, செவ்வாய்

கீசர் பழுதாகி மூன்று நாள் ஆகிறது. மெக்கானிக் "வந்துட்டே இருக்கேனுங்க சார்" என்று மூன்று நாளாக வந்துகொண்டே இருக்கிறான்.

பயிற்சிக்காகக் கோல்ஃப் கிளப்புக்குப் போனேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளுகிறது. பதினேழாவது ஹோலில் நான் அடித்த பந்தைக் காற்று வலது பக்கமாகக் கொண்டுபோய் உண்ணிச்செடிப் புதரில் போட்டுவிட்டது. கையை உள்ளே விட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. முழங்கை வரை கீறல்தான் மிச்சம்.

"அறுபத்திரண்டு வயசுல பந்து பொறுக்கப் போயி முள்ளுக் குத்திட்டு வர்ற மனுசன உங்களத்தானுங்க பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே மங்கை மஞ்சள் பூசிவிட்டாள். மருந்தைவிட அந்தப் பேச்சுதான் அதிகம் எரிந்தது.

நாளை மறுநாள் தேர்வு. மாநில மூத்தோர் கோல்ஃப் அணியில் ஐந்து இடம். நான்கு நிரம்பிவிட்டது. ஐந்தாவது இடத்துக்கு நானும் கால்நடை டாக்டர் இருதயராஜும். மூன்று நாள் ஆட வேண்டும். மொத்தத்தில் யார் குறைந்த அடியில் முடிக்கிறாரோ அவர் செப்டம்பரில் நாக்பூர் போவார். நீலக் கோட்டு கொடுப்பார்கள், நெஞ்சில் மாநிலத்தின் பெயர் தைத்திருக்கும். பள்ளிக்கூடத்துக் கபடி அணியில்கூட என்னைச் சேர்த்ததில்லை. எனக்கு அந்தக் கோட்டு வேண்டும். மங்கையிடம் சொன்னால் சிரிப்பாள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, புதன்

இருதயராஜ் தங்கமான மனிதர் என்று கிளப்பில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவதே அதுதான். முப்பத்தோரு வருடம் வணிகவரிச் சோதனைச் சாவடியில் நின்றவன் நான். கேட்பதற்கு முன்பே வணக்கம் வைத்து, சிரித்த முகமாக பில்லை நீட்டுகிற டிரைவரின் லாரியில்தான் தார்ப்பாய்க்குக் கீழே வேறு சரக்கு இருக்கும்.

போன வருடம் கிளப் போட்டியில் இவருடைய பந்து மரங்களுக்குள் போனது. 'டக்' என்று கட்டையில் பட்ட சத்தத்தை என் காதால் கேட்டேன். போய்ப் பார்த்தால் பந்து வெளியே, வெட்டிவிட்ட புல்லில், ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "ஆண்டவன் கருண சார்" என்றார். ஆண்டவன் கருணையா, பூட்ஸ் முனையா என்று நான் கேட்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

பேனாவுக்கு மை வாங்கினேன். கீசர்க்காரன் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

முதல் நாள். நான் 82 அடி, அவர் 81.

இன்று ஒரு காரியம் செய்தேன். முதல் அடிக்கு முன்னால் இரண்டு பேரும் பந்தைக் காட்டி, அடையாளத்தைச் சொல்லிக்கொள்வது கோல்ஃபில் வழக்கம். கிளப் எங்களுக்கு ஒரே மாதிரிப் பந்து கொடுத்திருக்கிறது. அவர் நீலத்தில் சின்னச் சிலுவை போட்டிருக்கிறார். நான் மூன்று கோடு. அவர் தன் பந்தை என் கையிலேயே கொடுத்துவிட்டு, கையுறை மாட்டத் திரும்பினார். எதிராளியின் ஸ்கோர் கார்டை நான்தான் எழுத வேண்டும், என்னுடையதை அவர் எழுதுவார். அதனால் என் கையில் பேனா இருந்தது. பழைய வயலட் மைப் பேனா.

ஒரு புள்ளி வைத்தேன். சிலுவைக்கு நேர் பின்புறம், கடுகு அளவு. சாவடியில் சந்தேகமான லாரியின் கயிற்று முடிச்சில் இப்படித்தான் வைப்பேன். அடுத்த சாவடியில் புள்ளி இருந்தால் முடிச்சு அவிழவில்லை என்று அர்த்தம். இனி இவர் பந்து புதருக்குள் போய், பையிலிருந்து வேறொரு பந்து வெளியே வந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

பார்ப்பதற்கும் வழி கிடைத்தது. டாக்டருக்கு வலது முழங்கால் மோசம். டீயில், அதாவது முதல் அடி அடிக்கிற இடத்தில், பந்தை வைக்கவே ஸ்டிக்கை ஊன்றிப் படாத பாடு படுகிறார். ஒவ்வொரு ஹோல் முடிந்ததும் குழியிலிருந்து அவர் பந்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும்போது ஒரு பார்வை. பதினெட்டு முறையும் புள்ளி இருந்தது.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்" என்றார் டாக்டர். கிளப் செயலாளர் பட்டாபிராமன் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "போட்டின்னா இப்படி இருக்கணும்" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். எனக்குக் காது சூடானது. வெயில்தான்.

ஜூலை 11, வெள்ளி

இரண்டாம் நாள். நான் 79! அவர் 82. மொத்தத்தில் இரண்டு அடி முன்னால் இருக்கிறேன்.

டாக்டர் பந்தை மாற்றவே மாட்டேன் என்கிறார். நாலாவது ஹோலில் கல்லில் பட்டு ஒரு பக்கம் தோல் பேர்ந்துவிட்டது. யாராக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது எடுப்பார்கள். இவர் அதையே தேய்த்துத் துடைத்து வைத்துக்கொள்கிறார். நேற்றைய அதே பந்து, அதே புள்ளி. ஏன்? ஒருவேளை புள்ளியைக் கண்டுபிடித்து, பையிலிருக்கும் எல்லாப் பந்திலும் அதே மாதிரி வைத்துக்கொண்டாரோ? அப்படியானால் தோல் பேர்ந்ததையும் எல்லாவற்றிலும் பேர்க்க வேண்டுமே. மனிதன் அந்த அளவுக்குப் போவானா? சாவடியில் அந்த அளவுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என்னுடைய நல்ல அடிக்கெல்லாம் "அட்டகாசம் சார்" என்கிறார். தோற்றுக்கொண்டிருப்பவன் இப்படிச் சிரிக்கலாமா?

மங்கை கேட்டாள்: "அந்த டாக்டரு நல்லாப் பேசுவாருங்களா?"

"அதுதான் சந்தேகமா இருக்குது" என்றேன்.

"நல்லாப் பேசுனா சந்தேகம், பேசலைன்னா திமிரு. உங்ககிட்ட எப்படித்தானுங்க ஒருத்தன் நல்ல பேரு வாங்கறது?"

ஜூலை 12, சனி

வென்றேன். ஒரு அடி வித்தியாசம். ஐந்தாவது இடம் எனக்குத்தான்.

பட்டாபிராமன் கோட்டுக்கு அளவு எடுக்க டெய்லரை அனுப்புகிறாராம். டாக்டர் கை கொடுத்து, "நல்லா ஆடுனீங்க சார்" என்றார். மங்கை சேமியா பாயசம் வைத்தாள். கீசர்க்காரன் வந்து ஏதோ வால்வை மாற்றிவிட்டுப் போனான். வெந்நீர் நன்றாகக் கொதிக்கிறது.

பாயசம் பாதியிலேயே திகட்டிவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலிருந்து விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். என் மேல் தப்பு இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நேற்று நான் கேவலமாக ஆடினேன். பதினாறாவது ஹோல் முடிந்தபோது டாக்டர் மொத்தத்தில் ஒரு அடி முன்னால். எனக்குத் தலை கொதித்தது. வழக்கம்போலக் குனிந்து இரண்டு பந்தையும் குழியிலிருந்து எடுத்தேன், அவருடையதை அவரிடம் கொடுத்தேன். மூன்று நாளில் அந்த ஒரு தடவைதான் நான் புள்ளியைப் பார்க்கவில்லை.

பதினேழில் அவர் அடித்த பந்து அதே உண்ணிச்செடிக்குப் போனது. தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். 'இப்போது பிடிக்கிறேன்' என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். புதரின் ஓரத்தில், தாராளமாக அடிக்கக்கூடிய இடத்தில், ஒரு பந்து கிடந்தது. டாக்டர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, பந்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுது இல்ல சார். மூணு கோடு போட்ருக்கு. செவ்வாக்கிழம ஒண்ணு தொலச்சேன்னு சொன்னீங்களே, அதுதான். இந்தாங்க."

கொடுத்துவிட்டுத் திரும்பி டீக்கு நடந்தார். அவ்வளவு தூரம், அந்த முழங்காலோடு. தொலைந்த பந்துக்கு ஒரு அடி அபராதம், மறுபடி முதலிலிருந்து. ஐந்தில் முடித்திருக்க வேண்டியவர் ஏழில் முடித்தார். நான் ஐந்து. குழியிலிருந்து பந்துகளை எடுத்தபோது, நான் ஆடி முடித்த பந்தில் நீலச் சிலுவை இருந்தது. பின்னால் வயலட் புள்ளி.

பதினாறில் நான்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். புதரில் கிடந்தது என் கோடு போட்ட பந்து, ஆனால் அந்த ஹோலில் அவர் அடித்ததும் அதைத்தான். எந்தப் பந்தை டீயில் வைத்து ஆரம்பிக்கிறோமோ அதுதான் அந்த ஹோலுக்கு நம் பந்து, எந்தக் குறி இருந்தாலும் சரி. புத்தகத்தில் இருக்கிறது. அவர் அபராதமே இல்லாமல் அங்கிருந்தே ஆடியிருக்கலாம். ஆனால் வேறு பந்தை வைத்து அடித்த பிறகு எண்ணிக்கை எண்ணிக்கைதான். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அபராதம் கிடையாது, அவருக்குப் பரிகாரம் கிடையாது. வாய்விட்டுச் சொல்லியிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

நான் சொல்லவில்லை. சிலுவைப் பந்தைக் கால்சட்டைப் பையில் போட்டேன். பதினெட்டுக்குப் புதுப் பந்து எடுத்தேன். இரண்டு பேரும் நாலு.

ஒன்று மட்டும். நாலு நாள் சாரலில் சேற்றில் கிடந்த பந்து அவ்வளவு வெள்ளையாகவா இருக்கும்? புதர் ஓரத்தில் அவர் அதை என் கையில் கொடுத்தபோதே அது பளிச்சென்றுதான் இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்ததா என்று கேட்டால், அதை எழுத மாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

டெய்லர் வந்தான். தலைவலி என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

மங்கை துவைக்கப் போட்ட கால்சட்டையிலிருந்து பந்தை எடுத்து வந்தாள். "இதென்னங்க, சிலுவ போட்டிருக்குது?"

"வெச்சுட்டுப் போ" என்று கத்தினேன். அவள் போகவில்லை. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், புள்ளி வைத்ததையும் சேர்த்து.

சிரிக்கவில்லை. "முப்பது வருசம் ஊரான் லாரியெல்லாம் அவுத்துப் பாத்தீங்க. இப்ப சரக்கு உங்க பையில இருக்குது. எடுத்துட்டுப் போயிக் குடுங்க."

"குடுத்தா எடம் போயிரும் மங்கை."

"போச்சாதுங்க, போனாப் போகுது. சோறு எறங்கும்."

ஜூலை 15, செவ்வாய்

போத்தனூரில் டாக்டர் வீடு. வாசலில் யாரோ கொண்டுவந்த ஆட்டுக்குக் குளம்பில் மருந்து போட்டுக்கொண்டிருந்தார். "சார், வாங்க வாங்க! ஒரு நிமிசம், இவ ஓடிருவா" என்று ஆட்டைப் பிடித்துக்கொண்டே வரவேற்றார். என்னைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது.

ஆடு போன பிறகு பந்தை மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பதினாறில் மாற்றிக் கொடுத்தது, பதினேழில் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டது. கடைசியாகப் புள்ளிக்கு வந்தேன்.

"டாக்டர், அந்தப் பந்துல பின்னாடி..."

"புள்ளிதான? மொத நாளே பாத்துட்டேன் சார்."

பந்தைத் தன் பக்கம் உருட்டி, புள்ளி மேலே தெரியும்படி நிறுத்தினார்.

"மாட்டுக் காதுல கம்மல் மாட்டி நம்பர் போட்டே காலத்த ஓட்டுனவன் சார் நான். எம் பந்துல புதுசா ஒண்ணு மொளச்சா தெரியாதா? வயலட்டு மை, உங்க கையில வயலட்டுப் பேனா."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இல்லைம்பீங்க, நான் ஆமாம்பேன். ஆட்டம் நாசமாப் போயிரும். எனக்கு உங்க கூட ஆடப் புடிக்கும் சார், நீங்க நல்லா ஆடுறவரு. அதான் அந்தப் பந்தையே வச்சுக்கிட்டேன். தோல் பேந்தும் மாத்தல. துடைக்கிறப்பகூட அந்தப் பக்கம் மட்டும் மெதுவாத் துடைப்பேன். நீங்க குனிஞ்சு எடுத்துப் பாத்துட்டு நிம்மதியா ஆடணும்னு விட்டுட்டேன்."

பதினெட்டு ஹோல், மூன்று நாள். ஒவ்வொரு முறையும் நான் குனிந்து, உதவி செய்கிற மாதிரி அவருடைய பந்தைச் சோதனை போட்டபோது, மேலே நின்றுகொண்டு இவர் அதைப் பார்த்துக்கொண்டே நன்றி சொல்லியிருக்கிறார். முப்பத்தோரு வருட உத்தியோகத்தில் இவ்வளவு கூனிக்குறுகி நான் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்ததில்லை.

"கோவமே வரலியா டாக்டர்?" என்றேன்.

அப்போதுதான் முகம் மாறியது. "புள்ளிக்கு வரல. பந்து மாறுனதுக்கும் வரல, யாருக்கும் நடக்கும். நான் கண்ணாடியப் போட்டு டீயிலேயே பாத்திருக்கணும், அது என் தப்பு. ஆனா பதினெட்டாவது ஹோல் பூராவும் எம் பந்தப் பையில வச்சுக்கிட்டு கூடவே நடந்தீங்களே. நான் கை குடுத்தேன், நீங்களும் குடுத்தீங்களே சார். அது இப்பதான் வருது. நல்லாவே வருது."

நான் பையிலிருந்து கடிதத்தை எடுத்தேன். நடந்ததெல்லாம் எழுதி, இடத்தை விட்டுக்கொடுப்பதாகப் பட்டாபிராமனுக்கு எழுதிய கடிதம். நான் விலகினால் அடுத்தவர் அவர்தான்.

படித்துவிட்டு மடித்து என் பக்கம் தள்ளினார். "தானமாக் குடுத்தா எனக்கு வேணாம். நாளைக்குக் காலையில வாங்க. பதினேழாவது ஹோல் மட்டும் திரும்ப ஆடுவோம். நான் ஜெயிச்சா இந்தக் காயிதத்தக் குடுங்க. நீங்க ஜெயிச்சா கிழிச்சுப் போட்டுட்டு நாக்பூர் போங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"சமமா வந்தா?"

"ஒருத்தர் ஜெயிக்கற வரைக்கும் ஆடுவோம். எனக்கு ரிட்டயர்டு ஆயிருச்சு, உங்களுக்கும் ஆயிருச்சு."

ஜூலை 16, புதன்

தோற்றேன். நான் ஐந்து, டாக்டர் நாலு. வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். கடிதத்தைப் பட்டாபிராமன் கையில் கொடுத்தாகிவிட்டது. அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். போட்டி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.

காலை ஆறரைக்கெல்லாம் போய்விட்டேன். டாக்டர் எனக்கு முன்பே வந்து டீ பக்கத்தில் நின்றிருந்தார். காற்று அடங்கியிருந்தது. பந்தைக் காட்டிக்கொண்டோம்.

"சிலுவ" என்றார்.

"மூணு கோடு" என்றேன், சத்தமாக.

அவர் தன் பந்தை நீட்டினார். தோல் பேர்ந்த அதே பந்து. ஆனால் துடைத்துப் பளிச்சென்று இருந்தது, புள்ளி இல்லை. "பேனா வச்சிருக்கீங்களா? வைங்க."

"வேணாம் டாக்டர். என்னைய அசிங்கப்படுத்தாதீங்க."

"அட வைங்க சார். இந்தத் தடவ நான் பாக்கறப்ப வைங்க."

வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துத் தலையாட்டினார். பிறகு கையை நீட்டினார்.

"இப்ப உங்க பந்தையும் பேனாவையும் குடுங்க. எனக்கும் சந்தேகம் வந்திருச்சு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொடுத்தேன். மூன்று கோட்டுக்கு நேர் பின்புறம் ஒரு புள்ளி வைத்து, ஊதிக் காயவைத்து, திருப்பித் தந்தார். என் பொருளில் இன்னொருவன் சோதனைக் குறி வைப்பது இதுதான் முதல் தடவை. அந்த லாரிக்காரர்கள் வெயிலில் நின்றுகொண்டு என் பேனாவைப் பார்த்தது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேர் பந்தும் புதருக்குப் போகவில்லை. இரண்டு பேரும் நன்றாகவே அடித்தோம். குழியைச் சுற்றியுள்ள கிரீனில் எனக்கு இன்னும் ஆறடி தூரம் இருந்தது. அது விழுந்திருந்தால் சமம். குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு விலகி நின்றது. "அய்யோ!" என்று கத்தியது டாக்டர்தான், நான் இல்லை. மறுபடி தட்டிப் போட்டேன். முடிந்தது.

வழக்கம்போலக் குழியிடம் குனியப் போனேன்.

"இருங்க சார். நான் எடுக்கறேன்."

"உங்க காலு..."

"எடுக்கறேங்கறேன்ல."

ஸ்டிக்கை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்டியிட்டார். குழிக்குள் கைவிட்டு இரண்டு பந்தையும் எடுத்தார். தன்னுடையதைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடியை மாட்டி, என் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு நாக்பூரும் கோட்டும் ஞாபகத்தில் இல்லை. அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது மட்டும்தான்.

மண்டியிட்டபடியே பந்தை என்னிடம் நீட்டினார்.

"சரியா இருக்கு சார்" என்றார்.

பந்தை வாங்கிக்கொண்டு, மறு கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டேன்.